ஜெனரலின் வலது காலர்

"சாக்ஸையும் கழட்டிடுங்கோ" என்றார் யதிராஜன்.

தானியேல் மறுபேச்சுப் பேசாமல் கழற்றினான். வலது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை இருந்ததால் அவனுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனாலும், திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்கு நாலு வீடு தள்ளியிருக்கிற ஒரு வீட்டின் பின்னறைக்குள் நுழைய இத்தனை ஆசாரமா என்று எட்டிப் பார்த்தான். உள்ளே பெருமாள் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவத்தின் தோள் பட்டைகள், காலர் பட்டைகள், நெஞ்சில் தைத்துக்கொள்ளும் கழுகுச் சின்னங்கள். ஒவ்வொன்றின் கீழும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு.

"இன்னா மேடம், சாமி ரூம்னு நெனச்சேன்" என்று ஹம்ஸாவின் காதருகே முணுமுணுத்தான். "செத்தவன் சட்டையெல்லாம் பிரிச்சி மாட்டி வெச்சிருக்காரு."

"வாயை மூடிக்கிட்டு கண்ணைத் திற" என்றாள் ஹம்ஸா.

ஹம்ஸாவுக்கு வயது நாற்பத்திரண்டு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருஷம் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்தவள். கடைசியில் மேலதிகாரியின் மச்சான் கடை தீப்பிடித்த கதையையும் மோப்பம் பிடித்ததால், மாலை மரியாதை ஏதுமின்றி வெளியே வந்து, வேப்பம்பட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை மாடியில் துப்பறியும் ஏஜென்சி தொடங்கினாள். கும்மிடிப்பூண்டிக்காரனான தானியேல் அவளுடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் ஆண்டவருக்குச் சொந்தம். சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிப்பான்.

யதிராஜன் நெற்றி நிறையத் திருமண் இட்ட அறுபத்தெட்டு வயது மனிதர். ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பூமா மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய் ஒரு மாதமாகிறது. வீட்டில் இவரும், காலையில் வந்து மத்தியானம் போகும் வேலைக்காரி கல்பனாவும்தான்.

"பார்த்தேளா?" என்று நடுச்சுவரைக் காட்டினார். அந்தப் பெட்டியில் சிவப்புத் துணியில் தங்க ஜரிகைக் கம்பியால் இலை இலையாக வேலை செய்த ஒரு காலர் பட்டை இருந்தது. நீளம் ஒரு விரல். அதற்கு வலப் பக்கம் காலி. "ஜெனரல் காலர். ஜோடி. வடக்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்துல சண்டை போட்டவரோடது. இடது இருக்கு, வலதைக் காணோம். புதன்கிழமை கார்த்தால பார்க்கறேன், இல்லை. நாளைக்கு சென்னையில எங்க சேகரிப்பாளர் சங்கத்தோட கண்காட்சி. ஜெர்மனியிலேர்ந்து நிபுணர் ஒருத்தர் வரார், இந்த ஜோடியைப் பார்க்கறதுக்குன்னே!"

"அந்த ஜெனரல் பேரு இன்னா சார்?" என்றான் தானியேல்.

"பேர் தெரியாது."

"எடுத்தவங்க பேரு?"

"கல்பனா" என்றார் யதிராஜன், மூச்சு விடக்கூட நிறுத்தாமல். "வேற யாரு? இந்த ரூமுக்குள்ள தூசி தட்ட வர்றவ அவ ஒருத்திதான். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். கொண்டு வந்து வெச்சா சரி, இல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன். கம்ப்ளெயிண்ட் எழுதியே வெச்சுட்டேன்."

"எல்லாம் முடிவு பண்ணிட்டு எங்களை எதுக்கு மாமா கூப்பிட்டேள்?" என்றாள் ஹம்ஸா. அவளும் அந்த ஊர்க் கோயில் தெருவில் பிறந்தவள்தான். வேண்டுமென்றால் அந்தப் பேச்சு வாயில் வந்துவிடும்.

"எல்லா முயற்சியும் பண்ணியாச்சுன்னு இருக்கணுமோல்லியோ? தேடினோம், கிடைக்கலைன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடுங்கோ, போறும்."

தானியேல் சுவரைச் சுற்றி வந்தான். ஒரு கழுகின் முன்னால் வந்து நின்றான். "ஏன் சார், இந்தச் சட்டையெல்லாம் போட்டுக்கினு லட்சக்கணக்குல ஜனத்தக் கொன்னாங்களே, ராத்திரி இதுங்க கூட ஒரே ஊட்ல தூக்கம் வருதா உங்களுக்கு?"

"நான் சேகரிக்கறது தையல் வேலையை. அரசியலை இல்லை" என்றார் யதிராஜன், பல தடவை சொல்லிப் பழகிய குரலில்.

ஆஹா! கொலைகாரப் படையின் காலரில் தையல் நேர்த்தி பார்க்கிற அளவுக்கு விசாலமான மனசு. அந்த மனசுக்குள் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு மட்டும் இம்மி இடமில்லை. தானியேலுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

ஹம்ஸா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மூலையிலும் நாலு சின்ன ஸ்க்ரூ. நாலும் இறுக்கமாக இருந்தன. கண்ணாடியில் ஒரு கைரேகை இல்லை.

"பார்த்தியா தானியேல்?"

"பார்த்தேன் மேடம். திருட வந்தவங்க ஸ்க்ரூவக் கழட்டி, பொருள எடுத்து, திரும்ப நாலு ஸ்க்ரூவும் டைட் பண்ணி, கண்ணாடியத் தொடச்சிட்டுப் போயிருக்காங்க. இந்த மாதிரி வேலைக்காரி யாருக்குக் கெடைப்பா? சம்பளத்த ஏத்திக் குடுங்க சார்."

யதிராஜன் அவனைப் பார்த்த பார்வையில் காபி கூட வராது என்று புரிந்துபோயிற்று.

ஹம்ஸா கீழே இருந்த மர அலமாரியின் இழுப்பறையில் கை வைத்தாள். மேலே 'போலிகள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. யதிராஜன் குறுக்கே வந்து நின்றார்.

"அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஏமாத்துக்காரா விக்க வந்த டூப்ளிகேட்டெல்லாம் பாடத்துக்காக வெச்சிருக்கேன். முப்பத்தொம்போது இருக்கு. நாப்பது வருஷத்துல ஒரு போலி என் கண்ணுக்குத் தப்பினதில்லை. சங்கத்துல கேட்டுப் பாருங்கோ."

"சரி மாமா. காணாமப் போனதோட போட்டோ இருக்கா?"

இருந்தது. தடியான ஆல்பம். ஒவ்வொரு பொருளுக்கும் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். வலது காலரின் பின்பக்கத்தில், கெட்டியான, பழுப்பேறிய துணியின் கீழ் மூலையில், விரல் நுனி அளவுக்கு வட்டமாக ஒரு மஞ்சள் கறை. அதன் கீழே அவரே எழுதியிருந்தார்: 'பாலைவனப் புழுதிக் கறை. மிக அபூர்வம்.' இடது காலரின் பின்பக்கத்தில் அந்தக் கறை இல்லை.

"வலது பக்கம் மட்டும் எப்படி மாமா கறை?"

"அந்தப் பக்கம் காத்து அடிச்சிருக்கும்" என்றார் யதிராஜன். குரலில் முன்பிருந்த முறுக்கு இல்லை.

"மூலையப் பார்த்து, வட்டமா, ஒரு வெரல் சைஸுக்கு அடிச்ச காத்து" என்று தானியேல் தலையாட்டினான். "ஆப்பிரிக்காவுல அப்டிதான் அடிக்கும்னு சொல்வாங்க."

ஹம்ஸா அந்தப் பக்கத்தை மொபைலில் படம் பிடித்துக்கொண்டாள். யதிராஜன் ஆல்பத்தைப் பட்டென்று மூடினார்.

வெளியே வாசல் படியில் கல்பனா உட்கார்ந்திருந்தாள். திருப்பாச்சூர்க்காரி, முப்பத்தைந்து வயசிருக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு அரசாங்கக் கடிதம். ஹம்ஸா கேட்காமலே எடுத்துக் காட்டினாள்.

"ஹாஸ்டல்ல சமையல் வேலைம்மா. திருவாலங்காடு பக்கம். ஆறு வருசமா அலைஞ்சி இப்பதான் ஆர்டர் வந்துச்சி. திங்கக்கெழம ஜாயின் பண்ணணும். திருட்டு கேசுன்னு ஒரு எஃப்ஐஆர் உழுந்துட்டா இந்தக் கடுதாசிய மடிச்சி அடுப்புல வெச்சிட வேண்டியதுதான்." அழுகையை அடக்கியதில் அவள் தாடை இறுகியிருந்தது. "புதன்கெழம இதே தெருவுல நிக்க வெச்சி, பையக் கொட்டிக் காட்டச் சொன்னாரும்மா. இன்னா கத்து கத்துனாரு! எதுத்த ஊட்டு மாமி, பூக்காரம்மா, இஸ்திரி போடறவரு, எல்லாரும் பார்த்துக்கினு நின்னாங்க. என் சாப்பாட்டு டப்பாவத் தொறந்து மோந்து பார்த்தாரும்மா அந்த மனுசன்."

ஹம்ஸா அவள் தோளில் கை வைத்தாள். "ஆறு மணி வரைக்கும் எங்கேயும் போகாதே. யார் எதைக் கேட்டாலும் கையெழுத்து மட்டும் போடாதே."

வேனுக்கு வந்ததும் தானியேல் வெடித்தான். "டப்பாவ மோந்து பார்த்தானாம் மேடம்! ஜெனரல் காலரு தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கவா?"

"தானியேல், உங்க வீட்டுல புதுச் சட்டை வாங்கினா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"ஜெபம் பண்ணிட்டுப் போட்டுக்குவோம். ஏன்?"

"எங்க வீட்டுல மூலையில மஞ்சள் வெப்போம். வெளியே தெரியாத மாதிரி, உள் பக்கமா, விரல்ல தொட்டு ஒரு பொட்டு." ஹம்ஸா மொபைலை நீட்டினாள். "தீபாவளிக்குத் தீபாவளி அந்த மனுஷன் தன் புது வேட்டியில வெச்சுக்கற அதே மஞ்சள். தன் வேட்டியில இருந்தா மஞ்சள். ஜெர்மன்காரன் காலர்ல இருந்தா பாலைவனப் புழுதி."

தானியேல் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்தவன் ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தான். ஹாரன் அலறியது. "மேடம்! இந்தப் பொட்ட நான் பார்த்திருக்கேன். எங்க பேண்டு மாஸ்டர் கோட்டுல!"

"உளறாதே."

"சத்தியமா மேடம். நாலு வருசம் முன்னாடி பேண்டுக்குப் புதுக் கோட்டு தெச்சோம். பாக்கெட்டு மேல சிலுவை போட்ட ஜரிகை பேட்ஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனி செஞ்சி குடுத்துச்சி. மாஸ்டரோட பேட்ஜ்ல மட்டும் பின்னாடி மஞ்சப் பொட்டு! பாஸ்டர் பார்த்துட்டாரு. ரெண்டு வாரம் பிரசங்கமே அந்தப் பொட்டப் பத்திதான். கடைசில கம்பெனிக்காரங்களக் கேட்டா, எவன் ஆர்டரா இருந்தாலும் மொதோ பீஸுக்கு மஞ்சள் வெச்சிதான் அனுப்புவோம்னு சொல்லிட்டாங்க."

ஹம்ஸா சீட் பெல்ட்டை மாட்டினாள். "பாலைவனத்துக்கு வண்டியை விடு."

தாமரைப்பாக்கம், பெரியபாளையம், கவரைப்பேட்டை என்று வேன் தடதடத்துப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளின் புகையும், வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளும், தார் ரோடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் செம்மண்ணும். பேட்ஜ் கம்பெனி கேட்டில் துளசிராமன் என்கிற வாட்ச்மேன் ஒரு நீளமான நோட்டை நீட்டினார்.

"பேரு, ஊரு, யாரப் பார்க்கணும், இன்னா காரியம். எல்லா கட்டமும் ரொப்பணும் நைனா. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் உள்ள உட மாட்டேன். போன வாரம் எங்க மொதலாளி மச்சானையே திருப்பி அனுப்பிட்டேன்."

'இன்னா காரியம்' என்ற கட்டத்தில் தானியேல், 'ஜெனரலைத் தேடி' என்று எழுதினான். துளசிராமன் படித்துப் பார்த்துவிட்டு, ஜெனரல் மேனேஜர் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே விட்டார்.

தையல் பகுதியில் மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிய துணிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஜரிகை வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சட்டத்தில் ஏதோ பள்ளிக்கூடத்தின் சிங்கம். இன்னொன்றில் யாரோ ஒரு கிளப்பின் நங்கூரம். சூப்பர்வைசர் முத்தம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஹம்ஸாவின் மொபைலை வாங்கிப் பார்த்தாள். முழுசாக மூன்று விநாடிகூட ஆகவில்லை.

"இது என் கை."

"எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இந்த எல நுனியப் பாரு. ஜரிகைக் கம்பிய மூணு தபா மடிச்சிருக்கு. மத்தவளுங்க ரெண்டோட உட்டுருவாளுங்க." முத்தம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பதினோரு வருசம் இருக்கும். நாடகத்துக்குன்னு ஒரு ஆளு வந்தான். ஒரே ஒரு ஜோடி. தெச்சி முடிச்சா, டீத் தண்ணில ஊறப் போடும்மான்றான். அப்புறம் வெயில்ல போடுன்றான். செங்கல்லுல தேய்ன்றான். இன்னாய்யா நாடகம் இது, புதுச அழுக்காக்கறதுக்குக் கூலி குடுக்கறியேன்னு கேட்டேன். சிரிச்சான்."

"இந்த மஞ்சள்?"

"ஜோடில அதான் மொதோ பீஸு. எல்லாம் காய்ஞ்சப்புறம் நான்தான் வெச்சேன். புதுத் துணிய வெறுமனே அனுப்பலாமா? யாரு ஒடம்புல ஏறப் போவுதோ, அவங்க நல்லாருக்கட்டும்."

தானியேலால் முடியவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெர்மன் ஜெனரல் பல்லாண்டு வாழ்க என்று கும்மிடிப்பூண்டி முத்தம்மா ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருக்கிறாள். அதை ஒருவர் கண்ணாடிக்குள் வைத்துப் பதினோரு வருஷமாக சாக்ஸைக் கழற்றிவிட்டுப் போய்ச் சேவித்திருக்கிறார்.

"சிரிக்காத நைனா" என்று முத்தம்மா அதட்டினாள். "பாவம், திங்கக்கெழம அந்த ஐயா இதே ஸ்டூல்லதான் உக்காந்தாரு. மூஞ்சப் பார்க்க முடியல. நான்தான் தண்ணி குடுத்தேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. "எந்த ஐயா?" என்றாள் ஹம்ஸா.

"நாமம் போட்டவரு. இந்தப் பீஸக் கையிலயே எடுத்தாந்தாரு. அழுக்கா இருக்குன்னு சோப்புத் தண்ணி தொட்டுத் தொடச்சாராம், மஞ்சப் பொட்டு செவந்துபோச்சாம். ஆரத்தி கரைக்கிற ஊட்ல பொறந்தவரு, பார்த்ததும் இது மஞ்சள்தான்னு தெரிஞ்சிருக்கு. வித்தவனக் கேட்டா அவன் சிரிச்சிக்கினே கும்மிடிப்பூண்டின்னு சொல்லிட்டானாம். நீதான் தெச்சியான்னாரு. ஆமா சாமின்னேன். அவ்ளதான், அப்டியே உக்காந்துட்டாரு."

ஹம்ஸா நன்றி சொல்லிவிட்டு விறுவிறுவென்று கேட்டுக்கு நடந்தாள். துளசிராமனின் நோட்டில் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து. முத்து முத்தான கையெழுத்து. பெயர் யதிராஜன், ஊர் திருவள்ளூர். இன்னா காரியம் என்ற கட்டத்தில், 'பொருளின் பூர்வீகம் அறிய.' ஹம்ஸா அந்தப் பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல அந்தக் கட்டத்தக் காலியா உட்டாரு" என்றார் துளசிராமன் பெருமையாக. "நான் உடலயே."

தானியேல் வேன் கதவில் சாய்ந்து நின்றான். "மேடம், திங்கக்கெழம போலின்னு தெரியுது. புதன்கெழம திருடு போவுது."

"ஊரே மெச்சின பொருள். நாளைக்கு நிபுணர் தொட்டுப் பார்த்தா மானம் போயிடும். இவரே சொல்லவும் வாய் வராது. அதனால மஞ்சள் இருக்கற வலது களவு போயாகணும். ஜோடி போச்சுன்னா இடதையும் காட்ட வேண்டியதில்லை. களவு போகணும்னா திருடினவங்கன்னு ஒருத்தர் வேணும்."

"த்தூ" என்றான் தானியேல்.

மணி இரண்டரை. கவரைப்பேட்டையில் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே படுத்திருந்தது. ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. பெரியபாளையத்தில் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகக் கோயில் கூட்டம். ஹம்ஸா கல்பனாவுக்கு மூன்று தடவை போன் போட்டாள், மூன்று தடவையும் ஸ்விட்ச் ஆஃப். தாமரைப்பாக்கம் தாண்டும்போது ஐந்து பத்து. தானியேல் டிரம்பெட்டுக்குக் கூட இவ்வளவு மூச்சு செலவழித்ததில்லை. முன்னால் போன அத்தனை வண்டிகளையும் ஜன்னல் வழியாகத் திட்டிக்கொண்டே ஓட்டினான்.

அவர்கள் போய் இறங்கியபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம். யதிராஜன் சட்டை மாற்றி, குடையும் கையுமாக, மடித்த கம்ப்ளெயிண்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். கல்பனா, சார்ஜ் தீர்ந்த போனோடு, படியிலேயே இருந்தாள். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது.

"கிடைக்கலைதானே?" என்றார் யதிராஜன் ஆவலாக. "ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கேளா?"

"உள்ளே போய்ப் பேசலாம் மாமா. கல்பனா, நீயும் வா."

பின்னறையில் ஹம்ஸா நேராக மர அலமாரிக்குப் போனாள். "இந்த இழுப்பறையில எத்தனை போலின்னு சொன்னேள்?"

"முப்பத்தொம்போது. எதுக்குக் கேக்கறேள்? அதைத் தொடாதேங்கோ..."

தொடுவதென்ன, முழுசாக இழுத்துத் தரையில் கொட்டாத குறையாக வைத்தாள். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, ஒரு சீட்டு. கடைசிக் கட்டத்தில் சிவப்புத் துணி, தங்க ஜரிகை, இலை நுனியில் மூன்று மடிப்பு. தானியேல் சீட்டை எடுத்து உரக்கப் படித்தான்.

"எண் நாப்பது. ஜெனரல் காலர் பட்டை, வலது. போலி. செய்த இடம் கும்மிடிப்பூண்டி."



"தூக்கிப் போட மனசு வரலை. வேற எங்கேயாவது ஒளிச்சு வெக்கவும் கை வரலை" என்றாள் ஹம்ஸா. "பொய் சொல்ல முடிஞ்சுது மாமா உங்களால. தப்பா சீட்டு எழுத முடியலை. கம்பெனி கேட்டுலயும் அப்படித்தான், உண்மையை எழுதிட்டு வந்திருக்கேள்."

யதிராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். குடை கையிலிருந்து நழுவியது. "பதினோரு வருஷம்" என்றார். "சங்கத்துல அதைப் பத்தி நாலு தடவை பேசியிருக்கேன். பாலைவனப் புழுதின்னு சொன்னப்போ எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினா. அத்தனை பேர் முன்னாடி இது மஞ்சள்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஏமாந்தவன்னா சிரிப்பா. பறிகொடுத்தவன்னா பரிதாபப்படுவா."

"அந்தப் பரிதாபத்துக்கு இந்தம்மா ஜெயிலுக்குப் போவணுமா?" தானியேல் கத்தியேவிட்டான்.

"ஆதாரம் இல்லைன்னு போலீஸ்ல விட்டுடுவான்னு நெனச்சேன்..."

"அதுக்குள்ள அவ வேலை போயிருக்கும்" என்றாள் ஹம்ஸா. "கடைசியா ஒண்ணு கேக்கறேன். இந்த ஜில்லாவுல இத்தனை ஏஜென்சி இருக்கே, எங்களை ஏன் கூப்பிட்டேள்?"

யதிராஜன் தரையைப் பார்த்தார். "கூகுள்ல பார்த்தேன். உங்களுக்கு ரெண்டு ஸ்டார்தான் இருந்துது. நிச்சயமா கண்டுபிடிக்க மாட்டேள்னு..."

ஹம்ஸாவின் முகம் போன போக்கை தானியேல் அதற்கு முன் பார்த்ததில்லை. "நாலு பேர் போட்டதுல அஞ்சு ஸ்டார் குடுத்தவன் நான் ஒருத்தன்தான் மேடம்" என்று மெதுவாகச் சொன்னான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யதிராஜன் பையிலிருந்த கம்ப்ளெயிண்டை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு கல்பனாவைப் பார்த்தார். கைகள் தன்னால் கூப்பப் போய், பாதியில் வெட்கப்பட்டு இறங்கின. "ஏதோ போறாத வேளைம்மா. மனசுல வெச்சுக்காதே. வழக்கம்போல வேலைக்கு வந்துடு. யார்கிட்டேயும் இதை..."

கல்பனா அந்தக் காலர் பட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இங்க சொல்லாதீங்க சார். தெருவுல வந்து சொல்லுங்க."

"என்னது?"

"புதன்கெழம என்ன இந்த ரூம்ல வெச்சா கேட்டீங்க? தெருவுலதானே நிக்க வெச்சீங்க. அதே எடத்துல வந்து சொல்லுங்க. நான் எடுக்கலன்னு சொல்லுங்க, யாரு எடுத்தான்னு சொல்லுங்க, அது இன்னா பொருளுன்னும் சொல்லுங்க."

யதிராஜன் ஹம்ஸாவைப் பார்த்தார். ஹம்ஸா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "நாளைக்குச் சங்கத்துல சொல்றதுக்கு ஒத்திகையா இருக்கட்டும் மாமா. கேட்டு நோட்டோட போட்டோ என்கிட்ட இருக்கு."

கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகத் தெரு நிறைந்திருந்தது. கல்பனா நடுத்தெருவில், மூன்று நாள் முன்னால் பையைக் கொட்டின அதே இடத்தில் போய் நின்றாள். எதிர் வீட்டு மாமி பால் செம்போடு நின்றுவிட்டாள். பூக்காரம்மா முழம் போட்ட கையோடு நிமிர்ந்தாள். யதிராஜன் படியிறங்கி வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கல்பனா எடுக்கலை" என்று முணுமுணுத்தார். "பொருள் ஆத்துலயேதான் இருந்துது. நான்தான்... நானே எடுத்து வெச்சுட்டு..."

"இன்னா சாமி பொருளு அது?" என்றார் இஸ்திரி போடுகிறவர், பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு.

"காலர்."

"சட்டைக் காலரா? அதுக்கா அன்னிக்கு அம்மாங் கத்து?"

"ஜெர்மன் ராணுவத்துல... இல்லை. ஜெர்மன் இல்லை." அவர் குரல் இன்னும் இறங்கியது. "கும்மிடிப்பூண்டியில பண்ணினது. போலி. நான் ஏமாந்துட்டேன்."

கல்பனா பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கேக்கல சார்" என்றாள். "புதன்கெழம தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சி."